மூன்று ஷிஃப்டிலும் இருந்தது நாங்கள்தான்: ஒரு குழந்தைகள் ஐசியூ நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களுக்கும்,

போன வாரம் மகளை மறுபரிசோதனைக்கு அழைத்து வந்தபோது, உங்கள் குழந்தைகள் ஐசியூவின் கண்ணாடிக் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனிமேல் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும், நாளைக்கு ஒரே தடவை, பத்து நிமிடம் அனுமதி. குழந்தையின் நிலைமையைப் பற்றி சிஸ்டர்களிடமோ டியூட்டி டாக்டரிடமோ எதுவும் கேட்கக் கூடாது. மாலை 5 மணிக்குத் தரைத்தளத்தில் இருக்கும் தகவல் மேசைக்குப் போனால் அங்கே சொல்வார்கள். காரணம், தொற்றுத் தடுப்பும் பணியாளர்களின் கவனம் சிதறாமல் இருப்பதும் என்று போட்டிருந்தீர்கள். அதே சுவரில் இரண்டடி தள்ளி, பெற்றோர் திருப்திக்கு ஐந்து நட்சத்திரம் வரைந்த வண்ணப் பலகை.

இந்த அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லித்தான் எழுதுகிறேன். என் பெயர், மகளின் பெயர், அட்மிஷன் எண் எல்லாம் போட்ட பிரதி பதிவுத் தபாலில் உங்களுக்கு வந்திருக்கும். எல்லோரும் படிக்கும் இந்தப் பிரதியில் மருத்துவமனையின் பெயர் இல்லை. பயந்துகொண்டு விடவில்லை. பெயர் வெளியே வந்தால் முதலில் விசாரணைக்கு நிற்கப் போவது எங்கள் மகளுக்கு உதவிய ஓர் இளம் நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்யக்கூடிய கைம்மாறு அதுவாக இருக்கக் கூடாது.

நான் மின்வாரியத்தில், வடசென்னையில் ஒரு துணை மின் நிலையத்தில் ஷிஃப்ட் ஆபரேட்டர். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இரவும் பகலும் ஆள் மாறி மாறி ஓடும் இடத்தில், ஒரு ஷிஃப்டுக்குத் தெரிந்தது அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். எங்கள் இடத்தில் உயிர் போய்விடும்.

மகளுக்கு ஏழு வயது. நவம்பர் மழையில் நாலு நாள் காய்ச்சல். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. சரி, தப்பித்தோம் என்று மனைவி ரசம் சாதம் கரைத்து ஊட்டினாள். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தவளின் கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் ஆட்டோக்காரர் பேசின் பிரிட்ஜ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். உங்கள் அவசரப் பிரிவில் இருந்தவர்கள் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் ஒரு கையால் வேலையைப் பார்த்தபடியே எங்களுக்கு விளக்கினார்: இது டெங்கு. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது, அதனால் பிரஷர் இறங்குகிறது, டிரிப்ஸ் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கசிவு நின்று, வெளியே போன நீர் தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் அதே வேகத்தில் ஓடினால் நெஞ்சில் நீர் சேர்ந்துவிடும். அதனால் மணிக்கு மணி பார்த்து ஏற்றவும் வேண்டும், இறக்கவும் வேண்டும்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பிறகு அந்த டாக்டரை நாங்கள் பார்க்கவே இல்லை. அவருடைய டியூட்டி முடிந்துவிட்டது.

மகளை மூன்றாவது மாடிக்குக் கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குப் பெயர் கிடையாது. 'பெட் நம்பர் ஆறு அட்டெண்டர்.' மைக்கில் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் வெளியே பாயில் படுத்திருக்கும் அத்தனை பேரும் எழுந்து உட்காருவார்கள், தங்கள் நம்பர் இல்லை என்று தெரிந்த பிறகும். கும்மிடிப்பூண்டியிலிருந்து பேரனுக்கு நிமோனியா என்று வந்திருந்த ஒரு பாட்டி, மைக் கரகரத்தாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. உள்ளே போய் வந்ததும் என் மனைவியிடம் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதாகத் தனக்கு ஞாபகம் இருக்கும் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒரு நாள் கைநாட்டு வைத்துவிட்டு வந்து, 'எதுக்கும்மா வெச்சேன்?' என்று கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்?

மனைவி முதல் இரவே ஒரு காரியம் செய்தாள். மகளின் பள்ளிக்கூடப் பையோடு வந்துவிட்டோம், அதில் ஒரு ரஃப் நோட்டு இருந்தது. முன்பக்கத்திலிருந்து மூன்றாம் வாய்ப்பாடு. பின்பக்கத்திலிருந்து இவள் எழுத ஆரம்பித்தாள். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள். இரண்டாம் நாள் காலையிலிருந்து மூன்று வரிகளை அப்படியே தருகிறேன்.

'8.10. லேடி டாக்டர். பிளேட்லெட் கம்மிதான், ரத்தக் கசிவு இல்லை, ஏற்ற வேண்டாம், பயப்படாதீங்க.'

'11.30. கண்ணாடி போட்ட டாக்டர். பிளேட்லெட் ஏற்ற வேண்டி வரும், டோனர் ரெடி பண்ணுங்க.'

'2.00. சிஸ்டர். டோனரா? யார் சொன்னது?'

இந்த 11.30-க்கும் 2.00-க்கும் நடுவில் என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேர் மழையில் நனைந்துகொண்டு ரத்தம் கொடுக்க வந்தார்கள். தேவையில்லை என்று அனுப்பிவிட்டீர்கள். ஏற்றத் தேவைப்படாதது நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் எங்கள் மகளின் உடம்புக்குள் ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். இரண்டு டாக்டர்களும் ஒருவரோடொருவர் ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும்.

இனி அன்றைய இரவு. இதைத்தான் நீங்கள் இரண்டு பேரும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

மாலை 6.15. பெரிய டாக்டர், அதாவது கன்சல்டன்ட், ரவுண்ட்ஸ் வந்தார். மனைவி படுக்கைக்குப் பக்கத்தில் நின்றாள், அப்போது உங்கள் விதி அதற்கு இடம் கொடுத்தது. 'கசிவு குறைஞ்சிடுச்சு, இனிமே நல்லா வந்துடுவா. நூறை அறுபதாக்கிடுங்க' என்றார். அது பம்ப்பில் ஓடும் எண், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்ற கணக்கு. மனைவி வெளியே வந்து சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினாள்: '100, இனி 60.' இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

இரவு 9.40. யார் கொடுத்தாலும் ஓ.ஆர்.எஸ். குடிக்க மாட்டேன் என்று பாப்பா அடம் பிடித்ததால் அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். பம்ப்பில் 100 ஓடிக்கொண்டிருந்தது. மனைவி சொன்னாள். ஷிஃப்ட் மாறி எட்டு மணிக்கு வந்திருந்த சிஸ்டர், 'எனக்கு ஓவர் கொடுக்கும்போது நூறுன்னுதான் சொன்னாங்க' என்றார். கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் அறுபது எழுதப்படவே இல்லை. எழுத்தில் இல்லாததை அம்மா சொன்னாள் என்று மாற்ற முடியாது, அது சரிதான். 'டாக்டரைக் கேட்டுட்டுப் பண்றேன்' என்றார். டியூட்டி டாக்டர் அப்போது இரண்டாம் நம்பர் படுக்கையில், ஃபிட்ஸ் வந்த ஒரு குழந்தைக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தார். மனைவியை வெளியே போகச் சொன்னார்கள்.

11.20. இன்டர்காமில் கேட்டோம். 'பார்த்துட்டு இருக்காங்கம்மா.' மகளைப் பார்க்கிறார்களா, இரண்டாம் நம்பரையா என்று தெரியவில்லை.

1.50. தண்ணீர் பிடிக்க ஒரு சிஸ்டர் வெளியே வந்தார். எங்கள் படுக்கைக்குப் பொறுப்பானவர் இல்லை, பக்கத்துப் படுக்கைக்காரர். சின்னப் பெண், இருபத்து மூன்று இருபத்து நாலு வயதிருக்கும். மனைவி அவரிடம் சொன்னாள்: 'ஒன்பதே முக்காலுக்கே கண் இமை வீங்கியிருந்தது. வயிறு கல் மாதிரி இருந்தது. அறுபதாக்கச் சொன்னது இன்னும் நூறாகவே ஓடுது.' அந்தப் பெண் பாட்டிலை அப்படியே ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவின் வட்டக் கண்ணாடி வழியாக நாங்கள் பார்த்தோம். மகளின் போர்வையை விலக்கி, நெஞ்சின் மேல் கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணினார். மானிட்டர் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் போனை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு போனதில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு குரல்: 'பேரண்ட் சொன்னாங்கன்னு நைட் ரெண்டு மணிக்கு கன்சல்டன்ட்டுக்குப் போன் போடுவியா? உன் பேஷன்ட்டா அது?' அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் போன் போயிருந்தது. டிரிப்ஸைக் குறைத்தார்கள், சிறுநீர் பிரிய ஊசி போட்டார்கள். வலது பக்கம் நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தது. விடிவதற்குள் மகளுக்கு ஹை ஃப்ளோ ஆக்ஸிஜன், மூக்கு வழியாக வேகமாகச் செலுத்துவது. வந்து மூன்றாம் நாளில் வார்டுக்கு மாறியிருக்க வேண்டியவள் இன்னும் மூன்று நாள் ஐசியூவில் இருந்தாள்.

அவள் பிழைத்துவிட்டாள். இப்போது எதிர்வீட்டுச் சுவரில் ஏறுகிறாள், இறங்கச் சொன்னால் கேட்பதில்லை. வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. உங்கள் கன்சல்டன்ட் சரியாகத்தான் முடிவெடுத்தார், சரியான நேரத்தில் சொன்னார். அதை எழுத வேண்டிய ஜூனியர் டாக்டரை அந்த நிமிடம் அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாலை சிஸ்டர் பக்கத்துப் படுக்கைக்கு மருந்து கலந்துகொண்டிருந்ததால் காதில் விழவில்லை. இரவு சிஸ்டர் தன்னிடம் சொல்லப்பட்டதை ஒழுங்காகச் செய்தார். ஒருவர்கூடச் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் சொன்னவர் ஒரு ஷிஃப்ட், செய்ய வேண்டியவர் இன்னொரு ஷிஃப்ட். அறுபது என்ற எண்ணை மாலையில் தன் காதால் கேட்டு, இரவில் நூறு என்ற எண்ணைத் தன் கண்ணால் பார்த்த ஒரே ஆள் என் மனைவிதான்.

உங்கள் புதிய அறிவிப்பு அந்த ஒரே ஆளைத் தரைத்தளத்துக்கு அனுப்புகிறது.

எங்கள் வேலையில் எல்.சி. என்று ஒன்று உண்டு. லைன் கிளியர், கம்பியில் மின்சாரம் இல்லை, வேலை செய்யலாம் என்று கொடுக்கும் அனுமதி. கம்பத்தில் ஏறப்போகிறவர் எந்த ஃபீடரில், அதாவது எந்த மின்பாதையில், வேலை என்று சொல்லி எல்.சி. கேட்பார். நான் அந்த ஃபீடரின் பெயரைத் திருப்பிச் சொல்வேன், அவர் ஆமாம் என்பார். அப்புறம்தான் சப்ளையை நிறுத்தி, எர்த் போட்டு, நேரத்தைப் பதிவேட்டில் எழுதி எல்.சி. கொடுப்பேன். வேலை முடிந்து திருப்பித் தர வேண்டியவரும் வாங்கிய அதே ஆள்தான். நடுவில் என் ஷிஃப்ட் முடிந்தால், எந்த எல்.சி. இன்னும் திரும்பவில்லை என்று அடுத்து வருபவருக்குக் காட்டி, எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நான் சட்டையை மாற்றலாம். கடைசி பஸ் போய்விட்டாலும் சரி. ஹெல்பர் பையன் ஒருவன், 'சார், அந்த ஃபீடர் இல்ல சார்' என்று சொன்னால் நிறுத்திப் பார்ப்போம். பத்தில் ஒன்பது தடவை அவன் சொன்னது தப்பாக இருக்கும். அதற்காக அவனைத் திட்டினால் பத்தாவது தடவை அவன் வாயைத் திறக்க மாட்டான். அந்தப் பத்தாவது தடவைக்குத்தான் மற்ற ஒன்பதையும் பொறுத்துக்கொள்கிறோம்.

கம்பிக்கே இவ்வளவு என்றால் குழந்தைக்கு எவ்வளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வராத இரவுகளில் தேடிப் படித்தேன். அக்கா மகள் நர்சிங் படிக்கிறாள், அவள் எடுத்துக் கொடுத்தாள். படித்தபோதுதான் தெரிந்தது, இந்தச் சிக்கல் உங்கள் மருத்துவமனைக்கு மட்டும் உள்ளதல்ல, உலகம் முழுக்க இருப்பதுதான். அதைச் சரிசெய்யும் வழியும் உலகத்துக்குத் தெரிந்தே இருக்கிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐசியூவில் ஒப்படைக்கும் முறையை மாற்றுவதற்கு, டாக்டர்கள் ஃபார்முலா 1 கார் பந்தயக்காரர்களிடம் போய் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். சில நொடிகளில் நாலு சக்கரத்தையும் மாற்றுகிறார்களே, எப்படி ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமல் செய்கிறார்கள் என்று. யார் தலைமை, யாருக்கு எந்த வேலை, எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். தவறுகள் குறைந்தன. 2007-இல் அதை வெளியிட்டார்கள்.

2014-இல் ஐ-பாஸ் (I-PASS, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படி) என்ற, ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையை வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் சோதித்தார்கள். நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டியவை, என்ன நடந்தால் என்ன செய்வது, கடைசியாகக் கேட்டவர் திருப்பிச் சொல்வது. இவ்வளவுதான் அது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒப்படைக்க எடுக்கும் நேரமோ கூடவில்லை. கடைசி எழுத்து, திருப்பிச் சொல்வது. அன்று மாலை 6.15-க்கு யாராவது ஒருவர் 'அறுபது, சார்' என்று திருப்பிச் சொல்லியிருந்தால் இந்த மடலே கிடையாது.

அடுத்ததாக 2018-இல் வந்த ஆய்வு உங்கள் அறிவிப்புக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. இதே முறையில் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டார்கள், ரவுண்ட்ஸில் அவர்களையும் நிற்க வைத்து, புரியும் மொழியில் பேசி, புரிந்ததைத் திருப்பிச் சொல்ல வைத்தார்கள். 7 மருத்துவமனைகள். பொதுக் குழந்தைகள் வார்டுகள்தான், ஐசியூ இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தீங்கு விளைவிக்கும் பிழைகள் 38 சதவீதம் குறைந்தன. ரவுண்ட்ஸ் நேரம் சொல்லிக்கொள்ளும்படி நீளவில்லை. பெற்றோர் நின்றால் கவனம் சிதறும் என்று கதவில் ஒட்டியிருக்கிறீர்களே, அதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் என்ன?

இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் செப்சிஸால், அதாவது கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பாதித்ததால், இறந்துபோனாள். மகளின் நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் சொன்னது காதில் ஏறவில்லை. அவளை முன்கூட்டியே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. இப்போது அங்கே மார்த்தா விதி என்ற ஒன்று 2024 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சிகிச்சை தரும் குழுவின் பதிலில் பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், இரவோ பகலோ, அந்தக் குழுவில் இல்லாத வேறு ஒரு தீவிர சிகிச்சைக் குழுவை அவர்களே கூப்பிடலாம். அன்று இரவு 11.20-க்கு எங்களிடம் அப்படி ஓர் எண் இருந்திருந்தால், யாராவது தண்ணீர் பிடிக்க வெளியே வருவார்களா என்று 1.50 வரை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டோம்.

தொற்று என்கிறீர்கள். அது வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன், ஐசியூவில் கிருமி பரவினால் என்ன ஆகும் என்று எனக்கும் சொன்னார்கள். ஆனால் நம் நாட்டு சுகாதார அமைச்சகமே 2017-இல், பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகளில் தாய் தகப்பனை உள்ளே விட்டு, கை கழுவக் கற்றுக்கொடுத்து, குழந்தையைப் பராமரிப்பதில் பங்கெடுக்க வைக்க வழிகாட்டி நெறி வெளியிட்டிருக்கிறது. ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தையின் பக்கத்தில் உட்காரும் தகுதி ஒரு தாய்க்கு உண்டென்றால், ஏழு வயதுப் பெண்ணின் பக்கத்தில் மட்டும் அவள் எப்படிக் கிருமி ஆகிறாள்? கையைக் கழுவச் சொல்லுங்கள், கவுன் கொடுங்கள், இருமினால் வெளியே அனுப்புங்கள். (நாங்கள் இருந்த நாலாம் நாள், ஏ.சி. பார்க்க வந்தவர் செருப்போடும் ஏணியோடும் உள்ளே போய்விட்டு வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏ.சி. சரியாகிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.)

பணியாளர்களின் கவனம் என்கிறீர்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெற்றோர் எல்லோரும் பொறுமைசாலிகள் இல்லை. நானே முதல் நாள் செக்யூரிட்டியிடம் கத்தினேன், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் சிஸ்டர்களின் கவனத்தைச் சிதறடிப்பது நாங்களா? நான் கதவுக் கண்ணாடி வழியாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரவில் ஒரு சிஸ்டருக்கு மூன்று குழந்தைகள். அதில் இரண்டு வென்டிலேட்டரில். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு ஒரு நர்ஸ் தனியாக வேண்டும் என்பது உங்கள் துறையின் விதி, என் விதி இல்லை. ஆள் பற்றாக்குறைக்கு ஆள் போடாமல் அம்மாக்களை வெளியே தள்ளினால் யார் கவனம் எப்படிக் கூடும்?

அந்த ஐந்து நட்சத்திரப் பலகைக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் கவுண்டரில் ஒரு டேப்லெட்டை நீட்டினார்கள். சுத்தம், கேன்டீன், பில்லிங் வேகம், ஊழியர்களின் பணிவு, பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா. ஐந்து கேள்விகள். பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில். மகள் தோளில் தூங்குகிறாள், டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் கைக்கு வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் அழுத்திவிட்டேன். ஆமாம், உங்கள் பலகையில் இருக்கும் நட்சத்திரங்களில் என்னுடையதும் உண்டு. தயவுசெய்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் ஐசியூப் பெற்றோருக்கென்றே தனியாகத் தயாரித்த கேள்வித்தாள்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் உருவாகிய எம்பதிக் என்பது அதில் ஒன்று, 30 கேள்விகளில் அதன் சுருக்க வடிவமும் உண்டு. தகவல், சிகிச்சை, பெற்றோரின் பங்கேற்பு, பிரிவின் ஒழுங்கு, பணியாளர்களின் அணுகுமுறை என்று ஐந்து பகுதி. கேன்டீன் தோசையைப் பற்றிக் கேட்டால் தோசையைப் பற்றித்தான் தெரியும். 'டாக்டர்களும் சிஸ்டர்களும் உங்களிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்களா?' என்று கேட்டிருந்தால், மூன்றாவது மாடியில் பாய் விரித்திருந்த அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். பெற்றோர் திருப்தி என்பதை எங்கள் மனக்குறை சமாச்சாரமாக நீங்கள் பார்க்கிறீர்கள், அதனால்தான் அதற்குத் தகவல் மேசையும் சிரித்த முகமும் போதும் என்று தோன்றுகிறது. எங்களுக்கு யாரும் சிரிக்க வேண்டாம். உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டால் போதும். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை என்பது மற்ற யாரையும்விட எங்களுக்குத்தான் முதலில் தெரிகிறது, எல்லோரும் தனித்தனியாக வந்து எங்களிடம்தானே சொல்கிறார்கள்.

கேட்பவை இவை.

முதலில், கதவில் இருக்கும் அறிவிப்பை எடுங்கள். பழையபடி இரண்டு வேளை அனுமதி என்பதோடு நிற்காமல், கை கழுவி கவுன் போட்ட ஒருவர், தாயோ தகப்பனோ, பாட்டியோ, ரவுண்ட்ஸின்போதும் சிஸ்டர்கள் ஷிஃப்ட் மாறும்போதும் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி கொடுங்கள். பக்கத்துப் படுக்கையில் அவசரம் என்றால் வெளியே போகச் சொல்லுங்கள், போகிறோம்.

ரவுண்ட்ஸில் வாயால் சொல்லும் எந்த மாற்றத்தையும், டிரிப்ஸ் எண்ணோ மருந்தின் அளவோ எதுவானாலும், ஒருவர் திருப்பிச் சொல்லி, படுக்கையை விட்டு நகர்வதற்கு முன்பே எழுத வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவு போடுங்கள். படுக்கைக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைப் பலகை மாட்டுங்கள்: இன்றைய டாக்டர் யார், சிஸ்டர் யார், இன்றைக்கு என்ன திட்டம், எதற்குப் பயப்பட வேண்டும். தமிழில். கும்மிடிப்பூண்டிப் பாட்டிக்கு அதை யாராவது ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்.

குழந்தை மோசமாகிறது என்று பெற்றோருக்குத் தோன்றினால் கூப்பிட ஓர் எண் கொடுங்கள். அதை எடுப்பவர் அந்த ஷிஃப்டில் அந்தக் குழந்தையைப் பார்க்காத ஒரு மூத்த டாக்டராக இருக்க வேண்டும். வீண் அழைப்புகள் வரும். பத்தில் ஒன்பது வீணாகத்தான் இருக்கும்.

அன்று இரவு போன் செய்த சிஸ்டருக்கு மெமோ ஏதாவது கொடுத்திருந்தால் அதை ரத்து செய்யுங்கள். கொடுக்கவில்லை என்றால், அவர் செய்தது சரி என்று அந்தப் பிரிவில் உள்ள எல்லோர் முன்னிலையிலும் ஒரு தடவை சொல்லுங்கள். யார் என்று கண்டுபிடிக்கத் தேதி வேண்டுமானால் பதிவுத் தபாலில் இருக்கிறது. இரவு ஷிஃப்டில் எத்தனை சிஸ்டர்கள், எத்தனை குழந்தைகள் வென்டிலேட்டரில் என்று கதவுக்கு வெளியே தினமும் எழுதிப் போடுங்கள். ஐந்து நட்சத்திரப் பலகை மாட்டியிருக்கும் இடமே அதற்குப் போதும்.

கருத்துக் கேட்பதை டிஸ்சார்ஜ் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். அதில் டாக்டர், சிஸ்டர் எல்லோரும் சொன்னது ஒத்துப்போனதா என்ற கேள்வி இருக்கட்டும். குழந்தையை இழந்த பெற்றோரிடமும், அவர்கள் பேசத் தயாராக இருந்தால், கேளுங்கள்.

கடைசியாக, என் மகளின் கேஸ் ஷீட் நகலைக் கேட்டிருக்கிறேன். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் இதுவும் ஒன்று. அந்தச் சாசனத்தை உங்கள் வரவேற்பறையில் தேடினேன், கண்ணில் படவில்லை. அதையும் மாட்டிவிடுங்கள்.

முப்பது நாளில் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லை என்றால் இதே மடலை மருத்துவமனையின் பெயரோடு மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு அனுப்புவேன். சிஸ்டரின் பெயர் அதிலும் இருக்காது. நேரில் பேசக் கூப்பிட்டால் நானும் மனைவியும் வருகிறோம், மாலை ஷிஃப்ட் இல்லாத நாளாகச் சொல்லுங்கள்.

பதிவுத் தபாலில் ரஃப் நோட்டின் பதினோரு பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். அசலைத் தர முடியாது. மகளுக்கு வாய்ப்பாடு அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெட் நம்பர் ஆறு அட்டெண்டர்,
வியாசர்பாடி, சென்னை